குளிர்கடல் உயிர்களின் ஓடும் கூடும் எதனால் ஆனவை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கடல் அமிலமாகிறது, ஓடுகள் கரைகின்றன" என்ற வரி அண்டார்டிகா, ஆர்க்டிக் பற்றிய செய்திகளில் அடிக்கடி வருகிறது. எந்த உயிரின் ஓடு, அது எந்தக் கனிமத்தால் ஆனது, ஏன் மற்றொன்றைவிட முந்திக் கரைகிறது என்று சொல்லும் இடங்கள் குறைவு. விலங்கியல், கடலியல் மாணவர்களும் பள்ளி ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். விஷயம் நிறைய இருக்கும் இடத்தில் பதில் நீளும்.

முதுகெலும்பே இல்லாத உயிருக்கு எலும்புக்கூடு எப்படி இருக்கும்?

உடலைத் தாங்கவோ காக்கவோ ஓர் உயிர் தானே உண்டாக்கும் கெட்டியான பகுதி எதுவாக இருந்தாலும் அது கூடுதான். சிப்பியின் ஓடு, நட்சத்திர மீனின் தோலுக்குள் இருக்கும் சின்னத் தகடுகள், கடற்பஞ்சின் ஊசிகள், நண்டின் மேலோடு, பவளத்தின் கிளை எல்லாம் இதில் அடங்கும். நம் எலும்பு கால்சியம் பாஸ்பேட்டால் ஆனது. இவற்றில் பெரும்பாலானவை கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிறார்களே, அந்தக் கிளிஞ்சலில் இருப்பதும் அதுதான்.

குளிர்நீர் என்றால் துருவக் கடல் மட்டும்தானா?

இல்லை. கடல்நீர் உப்பு காரணமாக சுமார் மைனஸ் 1.9 டிகிரியில்தான் உறைகிறது. அண்டார்டிகாவின் கரையோர நீர் ஆண்டின் பெரும்பகுதி அந்த எல்லையை ஒட்டியே இருக்கும். நார்வே, கிரீன்லாந்து, அலாஸ்கா, பிரிட்டிஷ் கொலம்பியா கடல்களும் இந்தக் கணக்கில் வரும். ஆழ்கடலும் வரும். நம் வங்காள விரிகுடாவில் 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கினால் வெப்பநிலை 2 டிகிரியைத் தாண்டாது. அந்தக் குளிர்ந்த நீர் அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலிலிருந்து அடித்தளம் வழியாக வந்து சேர்ந்தது. மேலே வெயிலில் மீன் பிடிக்கும் அதே கடலின் அடியில் குளிர்கடல் உயிர்கள் வாழ்கின்றன.

எல்லாமே கால்சியம் கார்பனேட் என்றால் வேறுபாடு எங்கே வருகிறது?

மொத்த விஷயமும் இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. ஒரே வேதிப்பொருள் இரண்டு விதமாக அடுக்கப்படலாம். ஒரு விதம் கால்சைட், இன்னொன்று அரகோனைட். அரகோனைட்டில் அணுக்கள் நெருக்கமாக இருப்பதால் அது சற்றுக் கனமானது. அதன் அடர்த்தி 2.93, கால்சைட்டுக்கு 2.71. ஆனால் கடல்நீரில் அரகோனைட்தான் எளிதில் கரையும். கால்சைட் அதைவிடத் தாக்குப்பிடிக்கும்.

அப்புறம் மூன்றாவது ஒன்று இருக்கிறது. கால்சைட் படிகத்தில் கால்சியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மெக்னீசியம் போய் உட்கார்ந்துவிடும். கடல்நீரில் மெக்னீசியம் அணுக்கள் கால்சியத்தைவிட ஐந்து மடங்குக்கும் மேல் உள்ளன, ஆகவே அது ஏறுவதில் வியப்பில்லை. மெக்னீசியம் அணு சிறியது. அது நுழைந்த இடத்தில் படிக அமைப்பு இறுகி, கோணல் ஏற்பட்டு, நிலைத்தன்மை குறைகிறது. நூற்றுக்கு நான்கு இடங்களுக்குக் கீழே மெக்னீசியம் இருந்தால் குறை மெக்னீசியக் கால்சைட் என்பார்கள். அதற்கு மேலே போனால் உயர் மெக்னீசியக் கால்சைட். அந்த அளவு 10, 12 என்று ஏறும்போது அது அரகோனைட்டைவிடவும் எளிதில் கரையும் பொருளாகிவிடுகிறது.

ஆகவே "கால்சைட்தானே, கெட்டியானது" என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. எவ்வளவு மெக்னீசியம் என்று அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

எந்த உயிரிடம் எந்தக் கனிமம்?

நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை, கடல் அல்லி ஆகிய முட்தோலிகள் அனைத்தும் மெக்னீசியம் கலந்த கால்சைட்டையே கட்டுகின்றன. இந்த விதிக்கு அந்தக் குடும்பத்தில் விலக்கு மிக அரிது. கடல் அட்டையிடம் பெரிய கூடு கிடையாது, தோலுக்குள் நுண்ணிய துணுக்குகள் மட்டும் இருக்கும். அவையும் கால்சைட்தான்.

மெல்லுடலிகள் கலவையான கூட்டம். அண்டார்டிகச் சேற்றில் புதைந்து வாழும் லாடெர்னுலா எலிப்டிகா என்ற இருவாயில் மட்டியின் (இரண்டு ஓடுகள் மூடித் திறக்கும் வகை) ஓடு அரகோனைட். அதே கடலின் அடமுசியம் கோல்பெக்கி என்ற ஸ்காலப்பின் (விசிறி வடிவச் சிப்பி) மிக மெல்லிய ஓட்டில் பெரும்பகுதி கால்சைட். வட அட்லாண்டிக் நீல மட்டியில் வெளி அடுக்கு கால்சைட், உள்ளே பளபளக்கும் முத்துப்படலம் அரகோனைட். மன்னார் வளைகுடாவில் எடுக்கும் நம் சங்கு முழுவதும் அரகோனைட்.

அண்டார்டிகப் பாறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிராக்கியோபாடான (மட்டி போல இரண்டு ஓடுள்ள, ஆனால் மெல்லுடலி அல்லாத உயிர்) லியோதைரெல்லா யூவா குறை மெக்னீசியக் கால்சைட்டைக் கட்டுகிறது. கால்சியம் கார்பனேட் வகைகளில் மிக நிலையானது இதுதான். பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டி வாழும் பார்னக்கிள்களும் அதே வழி. பாசி போலப் படர்ந்து வாழும் பிரையோசோவாக்கள் வெப்பக் கடல்களில் கால்சைட், அரகோனைட் இரண்டையும் கட்டும், துருவங்களில் பெரும்பாலும் கால்சைட்டோடு நின்றுவிடும். குழாய் கட்டும் செர்புலிட் புழுக்கள் உயர் மெக்னீசியக் கால்சைட்டையும் அரகோனைட்டையும் கலந்தே பயன்படுத்துகின்றன.

நண்டு, இறால் வகைகளில் அடிப்படை கைட்டின் என்ற கரிமப் பொருள். அதில் கால்சைட்டும், படிகமாகாத கால்சியம் கார்பனேட்டும் ஏற்றப்பட்டிருக்கும். தோலுரிக்கும் விலங்குக்குப் படிகமாகாத வடிவம் வசதியானது. பழைய ஓட்டிலிருந்து கரைத்து எடுத்து, புது ஓட்டுக்கு விரைவாக மாற்றிக்கொள்ளலாம்.

குளிர் கூடக்கூட மெக்னீசியம் குறையும் என்கிறார்களே, உண்மையா?

பொதுப்போக்காக உண்மை. இதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் வேதியியலர்கள் ஃபிராங்க் கிளார்க், வால்டர் வீலர் இருவரும். 1914-இல் கடல் அல்லிகளின் கூடுகளைப் பகுப்பாய்ந்து, 1917-இல் பல்வேறு முதுகெலும்பிலிகளுக்கும் அதை விரிவாக்கி வெளியிட்டார்கள். குளிர்நீரிலிருந்து வந்த கடல் அல்லிகளில் மெக்னீசியம் கார்பனேட் ஏழெட்டு சதவீதம் அளவில் இருந்தது. வெப்பக் கடல்களிலிருந்து வந்தவற்றில் அது பன்னிரண்டு சதவீதத்தை ஒட்டி ஏறியது. அருங்காட்சியக மாதிரிகளை எடுத்து, மாதிரியைக் கரைத்துப் பார்க்கும் ஈரமுறைப் பகுப்பாய்வு மட்டுமே கையில் இருந்த காலத்தில், அவர்கள் வெப்பநிலைக்கும் கூட்டின் வேதியியலுக்கும் இடையே தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். இன்று கடலின் பழைய வெப்பநிலையைக் கணக்கிடும் ஒரு பெரிய துறையே அந்தக் கவனிப்பிலிருந்து கிளைத்தது. அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

1954-இல் கீத் சேவ் எக்ஸ் கதிர்களைப் பயன்படுத்தி இன்னும் விரிவாகப் பார்த்தார். அவர் காட்டிய இரண்டாவது விஷயம் முக்கியமானது. வெப்பநிலை மட்டும் முடிவு செய்வதில்லை. உயிரின் குடும்பம் எது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. மைனஸ் 1 டிகிரியில் வாழும் நட்சத்திர மீனில், வெப்பக் கடலில் வாழும் சிப்பியைவிட மெக்னீசியம் அதிகமாகவே இருக்கும். முதலில் பரம்பரை, அதற்குள்தான் வெப்பநிலை. இந்த வரிசையை மாற்றிப் படித்தால் எல்லாம் குழம்பும்.

ஒரே விலங்குக்குள்ளும் அளவு மாறும். கடல் முள்ளெலியின் முள்ளில் மெக்னீசியம் குறைவு, உடல் தகடுகளில் சற்று அதிகம். பல்லுக்குப் போனால் கதையே வேறு. பாறையைச் சுரண்டும் பல்லின் நுனியில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் இடங்களை மெக்னீசியம் பிடித்திருக்கும் பகுதிகள் உண்டு. கரையும் தன்மை கூடினாலும் அங்கே அந்த விலங்குக்கு வேண்டியது கடினத்தன்மை. அதைக் கொடுப்பது மெக்னீசியம்.

ஒரு கட்டுரையில் 10 என்கிறது, இன்னொன்றில் அதே உயிருக்கு 11.7 என்கிறது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். ஒன்று எடைச் சதவீதம், மற்றது மோல் சதவீதம், அதாவது எண்ணிக்கைக் கணக்கு. மெக்னீசியம் கார்பனேட் எடை குறைந்தது. அதனால் எடையில் 10 சதவீதம் என்பது எண்ணிக்கையில் சுமார் 11.7 சதவீதம். பழைய அறிக்கைகள் பெரும்பாலும் எடையைக் கொடுக்கும், புதியவை மோலைக் கொடுக்கும். ஒப்பிடும் முன் அலகைப் பாருங்கள்.

குளிர்ந்த நீரில் ஓடு கட்டுவது ஏன் கடினம்?

சர்க்கரை சூடான நீரில் நன்றாகக் கரையும். கால்சியம் கார்பனேட் அதற்கு நேர்மாறு: குளிர்ந்த நீரில்தான் அதிகம் கரையும். கடினநீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. குளிர்ந்த நீர் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை அதிகமாக இழுத்துக்கொள்ளும். அது நீரோடு சேர்ந்து அமிலமாகி, ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டைக் குறைத்துவிடுகிறது. கால்சியத்துக்குக் கடலில் பஞ்சமே இல்லை. தட்டுப்பாடு எப்போதும் கார்பனேட்டில்தான்.

இதை அளக்க விஞ்ஞானிகள் செறிவு நிலை என்று ஓர் எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். 1-க்கு மேல் இருந்தால் கனிமம் படியலாம், 1-க்குக் கீழே போனால் மூடாத ஓடு தானாகவே கரையத் தொடங்கும். வெப்பமண்டல மேற்பரப்பு நீரில் அரகோனைட்டுக்கு அந்த எண் 4-ஐ ஒட்டி இருக்கும். தென் பெருங்கடலிலும் ஆர்க்டிக்கிலும் 1-க்கும் 2-க்கும் இடையேதான். கையிருப்பு குறைவாக உள்ளவர் முதலில் கடனில் விழுவார். அமிலமாதல் பற்றிய எச்சரிக்கை துருவங்களிலிருந்து முதலில் வருவதற்குக் காரணம் இதுதான். 2008-இலேயே ஆர்க்டிக்கின் கனடா படுகையில் மேற்பரப்பு நீரின் செறிவு நிலை அரகோனைட்டுக்கு 1-க்குக் கீழே இறங்கியிருந்தது. அங்கே உருகிய பனிக்கட்டியின் நன்னீரும் கடல்நீரில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது.

ஆழமும் இதில் சேரும். அழுத்தம் கூடினால் கரைதிறன் கூடும். ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே, பல கடல்களில் 4 முதல் 5 கிலோமீட்டர் அளவில், மேலிருந்து விழும் கால்சைட் ஓடுகள் அனைத்தும் கரைந்துபோகின்றன. அரகோனைட்டுக்கு அந்த எல்லை இன்னும் மேலே. வட அட்லாண்டிக்கில் அது 2 கிலோமீட்டருக்கும் கீழே இருக்கிறது. வட பசிபிக்கில் சில நூறு மீட்டரிலேயே வந்துவிடுகிறது.

அதனால்தான் துருவ உயிர்களின் ஓடு மெல்லியதாக இருக்கிறதா?

ஒரு பகுதி அதனால். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் இருவாயில் மட்டிகள், நத்தைகள், பிராக்கியோபாடுகள், கடல் முள்ளெலிகள் என்று நான்கு குழுக்களை நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை ஒப்பிட்டார்கள். துருவம் நெருங்க நெருங்க உடலில் கூட்டின் பங்கு குறைந்தது.

ஆனால் வேதியியல் மட்டுமே பொறுப்பு என்று சொல்லிவிட முடியாது. ஓட்டை உடைத்துத் தின்பவர் அண்டார்டிகக் கரையோரத்தில் அரிது. நண்டுகள் அங்கே கிட்டத்தட்ட இல்லை. அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுவது, வியப்பாக, இதே மெக்னீசியம்தான். நண்டுகளால் இரத்தத்திலிருந்து மெக்னீசியத்தைச் சரியாக வெளியேற்ற முடிவதில்லை. மெக்னீசியம் நரம்பையும் தசையையும் மயக்கும். வெப்ப நீரில் சமாளிக்கலாம். பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் இரண்டு மந்தமும் சேர்ந்து நண்டைச் செயலிழக்கச் செய்கின்றன. உடைக்க ஆளில்லாத இடத்தில் தடித்த கவசத்துக்குச் செலவு செய்ய வேண்டிய தேவையும் குறைவு. கரையிலிருந்து தள்ளி, நீர் ஒன்றிரண்டு டிகிரி சூடாக இருக்கும் ஆழமான சரிவுகளில் ராஜ நண்டுகள் ஏற்கெனவே காணப்பட்டிருக்கின்றன. மேல்நீரும் சூடாகும்போது மெல்லிய ஓட்டின் விலை என்னவாகும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அமிலத்தால் கரைவதைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி நாம் பேசுவதில்லை.

உயிரோடு இருக்கும்போதே ஓடு கரைவதை யாராவது பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். கடல் வண்ணத்துப்பூச்சி என்று அழைக்கப்படும் லைமசினா ஹெலிசினா, சிறகு போன்ற பாதங்களால் நீந்தும் சின்னஞ்சிறு நத்தை. ஓடு மெல்லிய அரகோனைட். 2008-இல் தென் பெருங்கடலின் ஸ்கோஷியா கடல் பகுதியில் பிடித்த உயிருள்ள நத்தைகளின் ஓடுகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது கடுமையான அரிப்பு தெரிந்தது. 2012-இல் அந்த முடிவு வெளியானது.

அப்படியென்றால் எல்லாமே அழிந்துவிடும் என்றுதானே பொருள்?

அப்படிச் சொல்ல முடியாது. பிற்பாடு ஆர்க்டிக்கில் இதே இன நத்தைகளைப் பார்த்தவர்கள், ஓட்டின் மேலிருக்கும் கரிமத் தோல் கிழிந்த இடங்களில்தான் அரிப்பு தொடங்கியது என்று காட்டினார்கள். தோல் முழுதாக இருந்த இடத்தில் கனிமம் தப்பியது. பல குளிர்கடல் மட்டிகளில் இந்தப் புறத்தோல் தடித்து, பழுப்பாகத் தெரியும். அது அழுக்கு அல்ல, பாதுகாப்பு.

பிராக்கியோபாடுகளின் கதையும் நம்பிக்கை தருகிறது. அண்டார்டிக லியோதைரெல்லா யூவாவை அமிலம் கூடிய நீரில் மாதக்கணக்கில் வளர்த்தபோது வெளிப்புறம் கரைந்தது உண்மை. அதே நேரத்தில் விலங்கு உள்பக்கமிருந்து கூடுதல் அடுக்கைச் சேர்த்து ஓட்டைத் தடிமனாக்கிக்கொண்டது.

இறந்த ஓடு வேறு, உயிருள்ள ஓடு வேறு. வெற்று ஓட்டை அமில நீரில் போட்டு எத்தனை நாளில் கரைகிறது என்று அளப்பது கனிமத்தைப் பற்றிய சோதனை. விலங்கு அதற்கு எப்படி ஈடுகொடுக்கும், அதற்காக வளர்ச்சியிலும் இனப்பெருக்கத்திலும் எதை விட்டுக்கொடுக்கும் என்பது தனிச் சோதனை. செய்தியைப் படிக்கும்போது எந்தச் சோதனை என்று பாருங்கள்.

முட்தோலிகள்தான் அதிக ஆபத்தில் இருக்கின்றனவா?

கனிமத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆம், உயர் மெக்னீசியக் கால்சைட் எளிதில் கரையும். ஆனால் அவற்றின் கூடு உயிருள்ள தோலுக்கு உள்ளே இருக்கிறது. கடல்நீர் அதை நேரடியாகத் தொடுவது அரிது. துளை நிறைந்த வலை போன்ற அந்தத் தகட்டின் ஒவ்வொரு இடுக்கிலும் திசு நிரம்பியிருக்கும். முட்களின் நுனியில் தோல் தேய்ந்துபோன இடங்கள்தான் பலவீனமான பகுதி.

வெப்பம் ஏறினால் மெக்னீசியமும் ஏறும் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். நீர் சூடாகும்போது அதே உயிர் இன்னும் எளிதில் கரையும் கூட்டைக் கட்டும். அதே சமயம் கார்பனேட்டும் குறைகிறது. குளிரில் மெக்னீசியம் குறைவாக இருந்ததால் கிடைத்துவந்த சிறு பாதுகாப்பு இப்படித்தான் கைநழுவும்.

பவளம் வெப்பக் கடலில்தானே வளரும்?

சூரிய ஒளியை நம்பும் பாசியோடு கூட்டு வைத்த பவளங்கள்தான் அப்படி. ஒளியே இல்லாத குளிர்ந்த ஆழத்தில், மிதந்து வரும் உணவைப் பிடித்துத் தின்றே பெரிய திட்டுகளைக் கட்டும் பவளங்களும் உள்ளன. நீண்டகாலம் லோஃபீலியா பெர்டூசா என்று அறியப்பட்டு, இப்போது டெஸ்மோஃபில்லம் பேரினத்தில் வைக்கப்படும் இனம் முதன்மையானது. நார்வேக்கு அருகே 2002-இல் கண்டறியப்பட்ட ரோஸ்ட் திட்டு 300 முதல் 400 மீட்டர் ஆழத்தில் 35 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. இதன் கூடு முழுவதும் அரகோனைட்.

இந்தப் பவளங்களின் இருப்பிடத்தைக் கடல் வேதியியல் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்த ஒரு 2006 ஆய்வு, அப்போது அறியப்பட்ட திட்டுகளில் 95 சதவீதத்துக்கும் மேல் அரகோனைட் கரையாத நீரில்தான் இருந்தன என்றது. கார்பன் வெளியேற்றம் அப்படியே தொடர்ந்தால் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் அவற்றில் சுமார் 70 சதவீதம் கரைக்கும் நீருக்குள் போய்விடும் என்றும் கணித்தது. உயிருள்ள பவளம் தாக்குப்பிடித்தாலும், அதைத் தாங்கி நிற்கும் அடிப்பகுதி முழுவதும் இறந்த கிளைகள். அவற்றைக் காக்க மேலே திசு இல்லை. திட்டு அடியிலிருந்து உளுத்துப்போகும்.

மூங்கில் பவளம் வேறு மாதிரி. உயர் மெக்னீசியக் கால்சைட் துண்டுகளும், கோர்கோனின் என்ற கரும் புரதக் கணுக்களும் மாறிமாறி வரும். கருப்புப் பவளங்களில் கார்பனேட்டே கிடையாது, கைட்டினும் புரதமும்தான். ஹவாய்க்கு அருகே ஆழத்தில் எடுத்த ஒரு கருப்புப் பவளத்தின் வயது 4,000 ஆண்டுகளைத் தாண்டியது.

கண்ணாடியால் ஆன கடற்பஞ்சு என்பது நிஜமா?

நிஜம். கண்ணாடிக் கடற்பஞ்சுகளின் ஊசிகள் நீர் கலந்த சிலிக்கா. சன்னல் கண்ணாடிக்கு 1,000 டிகிரிக்கும் மேல் உலை வேண்டும். இவை பூஜ்யத்தை ஒட்டிய நீரில், கடலில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை எடுத்து, புரத இழையைச் சுற்றி அடுக்கடுக்காகப் படியவைத்துக் கட்டிவிடுகின்றன. அடுக்குகளுக்கு இடையே உள்ள மெல்லிய கரிமப் படலம் விரிசல் பரவாமல் தடுப்பதால் ஊசியை வளைத்தாலும் சட்டென்று முறியாது.

மற்றக் கடல்களில் இவற்றைப் பார்க்கப் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்க வேண்டும். அண்டார்டிகாவில் முக்குளிப்பவர்கள் போகும் ஆழத்திலேயே ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. ஆழத்து நீர் மேலெழுந்து வருவதால் தென் பெருங்கடலின் மேல்நீரில் சிலிக்கா மிகுதி என்பது இதற்கு ஒரு காரணம். இறந்த பஞ்சுகளின் ஊசிகள் தரையில் அடர்ந்த பின்னலாகச் சேர்ந்து, மற்ற உயிர்களுக்கு வீடாகின்றன.

இவை மிக மெதுவாக வளரும் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். 1995-இல் அண்டார்டிகாவின் லார்சன் ஏ பனித்தட்டு உடைந்து, அதன் அடியில் இருட்டாகக் கிடந்த தரைக்கு உணவு வரத் தொடங்கியது. 2007-க்கும் 2011-க்கும் இடையே அங்கே கண்ணாடிக் கடற்பஞ்சுகளின் மொத்த எடை இரண்டு மடங்காகவும் எண்ணிக்கை மூன்று மடங்காகவும் ஆனதைப் பதிவு செய்தார்கள். கார்பனேட் தட்டுப்பாடு இவற்றின் ஊசியைத் தொடுவதில்லை.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஹெகேட் நீரிணையில் 1987-இல் கண்டறிந்த கண்ணாடிப் பஞ்சுத் திட்டுகள் சுமார் 9,000 ஆண்டுகள் பழையவை. அதுவரை அப்படிப்பட்ட திட்டுகளைப் புதைபடிவங்களாக மட்டுமே அறிந்திருந்தோம். 2017-இல் அவை பாதுகாக்கப்பட்ட பகுதியாயின.

கிரில் சாப்பிடலாமா? அதில் ஃபுளோரைடு இருக்கிறதாமே?

கிரில் என்பது இறால் போன்ற சின்னக் கடல் உயிர். அண்டார்டிகக் கிரிலின் மேலோடு கைட்டினால் ஆன மெல்லிய கவசம். அதில் ஃபுளோரைடு, கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் என்ற கணக்கில் சேர்ந்திருக்கும். உயிருள்ள கிரிலின் தசையில் மிகக் குறைவு. பிடித்து வைத்தபின் ஓட்டிலிருந்து ஃபுளோரைடு சதைக்குள் ஊறத் தொடங்கும். அதனால்தான் கப்பலிலேயே தாமதிக்காமல் ஓட்டைப் பிரிக்கிறார்கள். திமிங்கிலமும் பென்குயினும் ஓட்டோடு தின்று நலமாகவே இருக்கின்றன. நாம் அப்படித் தின்னக் கூடாது.

கார்பனேட்டே நிலைக்காத மிக ஆழத்தில் ஓடுள்ள உயிர் உண்டா?

உண்டு. மரியானா அகழியின் சேலஞ்சர் பள்ளத்தில், சுமார் 10,900 மீட்டரில், ஹிரோண்டெல்லியா கைகாஸ் என்ற ஆம்பிபாட் வாழ்கிறது. இறாலின் தூரத்து உறவு. 2019-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதன் மேலோட்டை அலுமினிய ஹைட்ராக்சைடு கூழ்மம் மூடியிருப்பதைக் கண்டார்கள். விழுங்கும் சேற்றிலிருந்து அலுமினியத்தைப் பிரித்தெடுத்து அது இந்தப் பூச்சை உண்டாக்கிக்கொள்கிறது.

இரும்பைப் பயன்படுத்துபவையும் இருக்கின்றன. பாறையில் ஒட்டி வாழும் மெல்லுடலிகளான கைட்டான்களின் பல்லில் காந்த இரும்புத் தாதான மேக்னடைட் இருப்பதை 1962-இல் ஹைன்ஸ் லோவன்ஸ்டாம் காட்டினார். அதற்கு முன் அந்தக் கனிமம் உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும்தான் உருவாகும் என்று நம்பியிருந்தார்கள்.

பழைய ஓட்டிலிருந்து பழைய கடலைப் படிக்க முடியுமா?

முடியும். ஐஸ்லாந்துக் கடலின் ஆர்க்டிகா ஐலாண்டிகா என்ற மட்டி ஆண்டுக்கு ஒரு வளையம் சேர்க்கும். 2006-இல் எடுத்த ஒன்று 1499-இல் பிறந்தது, 507 வயது. அதன் அரகோனைட் வளையங்களில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகள் (எடை மாறுபடும் ஆக்சிஜன் அணு வகைகள்) அந்தந்த ஆண்டின் நீரைப் பற்றிச் சொல்லும். ஆழ்கடலின் மோனோராபிஸ் சூனி என்ற கண்ணாடிக் கடற்பஞ்சு மூன்று மீட்டர் வரை நீளும் ஒற்றை ஊசியைக் கட்டுகிறது. அதில் ஒரு ஊசியின் வயதை சுமார் 11,000 ஆண்டுகள் என்று கணித்தார்கள்.

என்னிடம் சில மாதிரிகள் இருக்கின்றன. கனிமத்தை எப்படி அறிவது? எப்படி வைத்திருப்பது?

கால்சைட்டா அரகோனைட்டா என்று அறிய எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு முறை சரியானது. மெக்னீசியம் கூடும்போது கால்சைட்டின் முதன்மை உச்சம் இடம் பெயரும், அந்தப் பெயர்ச்சியிலிருந்து அளவைக் கணக்கிடலாம். கல்லூரி ஆய்வகத்தில் அந்தக் கருவி இல்லையென்றால் ஃபைகல் கரைசலால் சாயமேற்றிப் பாருங்கள். அரகோனைட் முதலில் கருக்கும், கால்சைட் வெகுநேரம் நிறம் மாறாமல் இருக்கும். எந்த உறுப்பிலிருந்து பொடி எடுத்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். முள்ளையும் பல்லையும் சேர்த்து அரைத்துவிட்டுச் சராசரி சொன்னால் அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை.

சேமிப்பில்தான் நிறைய மாதிரிகள் வீணாகின்றன. சாதாரண ஃபார்மலின் நாளடைவில் அமிலமாகும். நுண்ணிய அரகோனைட் ஓடுகளும், கடல் அட்டையின் துணுக்குகளும் அதில் சத்தமில்லாமல் கரைந்துபோகும். அப்புறம் அந்த அரிப்பைக் கடல் செய்ததா, சீசா செய்ததா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. கனிம ஆய்வுக்கு வேண்டியதை எத்தனாலில் வையுங்கள், அல்லது நன்னீரில் விரைவாக அலசி உலர்த்திவிடுங்கள். ஃபார்மலின்தான் வேண்டும் என்றால் தாங்கல் (அமிலம் ஏறாமல் தடுக்கும் பொருள்) சேர்த்து, அமிலத்தன்மையை அவ்வப்போது சோதியுங்கள்.